தாடை நழுவிய ஞாயிற்றுக்கிழமை

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு வாயின் கதை சொல்கிறேன். திறந்தது மூடாமல் நின்றுபோன வாய். இதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. ஒரு மாமனார், ஒரு மருமகள், காதுக்கு முன்னால் இருக்கிற ஒரு சின்ன மூட்டு, அவ்வளவுதான். விரலை வைத்துப் பாருங்கள். காதுத் துளைக்கு அரை விரற்கடை முன்னால். வாயைத் திறந்து மூடுங்கள். உருண்டையாக ஒன்று முன்னால் போய்ப் பின்னால் வருகிறதா? அதேதான். உங்களுக்குச் சத்தமில்லாமல் வருகிறது என்றால் கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மாமனார் பிளாஸ்டரைச் சுரண்டினால் இந்தப் பக்கம் என் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். தெருவில் அவரைப் பல்செட்டு என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல்செட்டு செய்து கொடுப்பவர். அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். "கடைக்காரன் சொந்தச் சரக்கைத் தொடமாட்டான்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார். தாடையை ஒரு பக்கமாக அசைப்பார். அதுதான் சிரிப்பு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீள மேஜை. அதன் மேல் ஸ்பிரிட் விளக்கு, ரோஸ் நிற மெழுகுத் தகடுகள், பிளாஸ்டர் மாவு டப்பா, அட்டையில் ஆறு ஆறாக ஒட்டிய பற்கள். நடுவில் வரிசையாகக் கீல்கள். மேல்தாடை அச்சையும் கீழ்தாடை அச்சையும் பொருத்தித் திறந்து மூடிப் பார்க்கிற பித்தளைச் சாமானுக்கு அந்த வீட்டில் கீல் என்று பெயர். அச்சோடு டாக்டர்கள் 'கடி' என்று ஒன்றையும் அனுப்புவார்கள். நோயாளி பல்லால் கடித்துக் கொடுத்த மெழுகுப் பட்டை அது. மேலே இருப்பது கீழே இருப்பதோடு எப்படிச் சேருகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடி தப்பினால் செட்டு முழுக்க வீண். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது.

அந்த வீட்டுப் பேச்சிலும் கடி புகுந்துவிட்டது. யாருக்காவது யாரோடாவது ஒத்துப்போகவில்லை என்றால், "ரெண்டு பேருக்கும் கடி சரியில்ல" என்பார்கள். ரொட்டி கருகினால்கூட, "இன்னிக்கு அடுப்புக்கும் எனக்கும் கடி சரியில்ல" என்பாள் மருமகள்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே அந்தத் தொழிலுக்கு இரண்டு வருஷம் படித்தவள். அவர் கைப்பழக்கத்தில் செய்வதை அவள் புத்தகத்தில் பார்த்துப் பேர் சொல்லுவாள். அவளுடைய புருஷன்தான் முடிந்த செட்டுகளைப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் டாக்டர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் போனவன் திரும்பி வரவில்லை. பை வந்தது. உள்ளே இருந்த பல் ஒன்றுகூட உடையவில்லை.

மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அப்புறம் அந்த வீட்டில் இருவர்தான். பகல் முழுக்க ஒரே மேஜையில் வேலை. அவர் மெழுகில் பல் நடுவார், அவள் பிளாஸ்டர் ஊற்றுவாள். இடையில் ஒருவர் மேல் ஒருவர் கைபடாமல் சாமான் மாறும்: அவர் மேஜையில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள். சாப்பாட்டு வேளையில் அவர் பட்டறை ஸ்டூலில், அவள் சமையலறைப் படியில். நடுவில் கதவு திறந்திருக்கும். பேச்சிருக்காது. மெல்லுகிற சத்தம் மட்டும்.

"பெரியம்மா, ஒரு நாளைக்கு எங்க வீட்ல எத்தனை வார்த்தைன்னு எண்ணிப் பாத்தேன்" என்றாள் என்னிடம் ஒருநாள், துணி உலர்த்திக்கொண்டே. "பதினொண்ணு. அதுல நாலு 'ம்'."

"அவனுக்குப் பேசத் தெரியாதுடி. நல்லவன்."

"நல்லவர்தான். நல்லவரா இருக்கிறது காதுல விழ மாட்டேங்குதே."

அந்த நேரத்தில்தான் அவளுக்குக் கடிதம் வந்தது. ஒரு நாள் ரயில் பயண தூரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பல்செட்டு செய்கிற கூடத்தில் வேலை, தங்க இடமும் உண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். திங்கட்கிழமை காலையில் ரயில். அதற்கு முந்தின செவ்வாய் மத்தியானமே சாப்பிடும்போது அவரிடம் சொல்லியிருக்கிறாள். "மாமா, எனக்கு வேலை வந்திருக்கு. போகட்டுமா?"

அவர் மென்றார்.

புதன்கிழமையும் கேட்டாள். மென்றார். வியாழன், வெள்ளி, அதே கதைதான்.

"ஒரு வாய் ரொட்டிய நாப்பது தடவ மெல்றாரு பெரியம்மா. நான் பாத்துட்டே நிக்கிறேன். இதோ பாருங்க, பல்லக் கடிங்க." என் கன்னத்தின் பின்பக்கம், தாடை வளைகிற மூலையில், அவள் விரல் வைத்தாள். "கல்லு மாதிரி எழும்புதா? உடம்புல இதவிட பலமான தசை தேடணும். பொட்டுல விசிறி மாதிரி விரிஞ்சு ஒண்ணு இருக்கு, அது துடிக்கும். உள்பக்கம் இன்னும் ரெண்டு, வெளியே தெரியாது. மூடறதுக்கு மூணு பெரிய தசை. திறக்கறதுக்கு உள்ள இருக்கிற சின்னது ஒண்ணு, மோவாய்க்குக் கீழ சில்லறையா சிலது. அவ்வளவுதான். மனுஷ வாயே மூடி வெக்கிறதுக்குத்தான் செஞ்சிருக்கு."

"அப்போ என் வாய்?"

"உங்களுக்கு மாத்திப் பொருத்திட்டாங்க." சிரித்தாள். உடனே முகம் வாடிவிட்டது. "அவர் இருன்னு சொன்னா இருப்பேன். போன்னு சொன்னா போவேன். ரெண்டும் சொல்லாம மென்னுட்டே இருந்தா நான் எங்க போறது?"

சனிக்கிழமை சாயங்காலம் நானே அவரைப் பிடித்தேன். வாசல் குழாயில் மெழுகுக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். காதுக்கு முன்னால் இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டார். நாலு நாளாகவே அங்கே வலி. வாய் அசைத்தால் டொக் டொக்கென்று எனக்கே கேட்டது.

"ஏம்பா, அந்தப் பொண்ணு அஞ்சு நாளா கேக்குறாளே. உனக்குக் காது கேக்கலயா, வாய் வரலயா?"

"என்ன சொல்றது அக்கா." கத்தியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "இருன்னா, கிழவன் தனக்குப் பொங்கிப் போட ஆள் வேணும்னு பிடிச்சு வெச்சிருக்கான்னு ஆயிடும். போன்னா, பையன் போனான், இவளயும் துரத்திட்டான்னு ஆயிடும். எந்தப் பக்கம் வெச்சாலும் கடி இடிக்குது."

"ஊர் என்ன சொல்லும்னா கேட்டேன்? உனக்கு என்ன வேணும்?"

அவர் மென்றார். வாயில் ஒன்றுமே இல்லை, சத்தியமாக. வெறும் வாயையே மென்றார்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் நான் அவர்கள் வீட்டு உள்ளறையில் இருந்தேன். அவள் பை அடுக்க, நான் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல புழுக்கம், மழை வருவதுபோல் போக்குக் காட்டிக்கொண்டு வராத மதியம். ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சட்டை மாற்றியிருந்தார். தலைகூட வாரியிருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான பேச்சு என்றால் முதலில் கொட்டாவி வரும். பெண் பார்க்கப் போன இடத்திலேயே கொட்டாவி விட்டவர். "பிடிக்கலன்னு நினைச்சுட்டாங்க, எங்கப்பா காப்பாத்தினார்" என்று அவர் மனைவி இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கும் தொண்டையைச் செருமினார். மருமகளைப் பார்த்தார். கொட்டாவி வந்தது. அஞ்சு நாள் கொட்டாவியும் சேர்ந்து ஒரே கொட்டாவியாக வந்தது. அது முடிவதற்குள்ளேயே பேசவும் தொடங்கிவிட்டார்.

"ஆ..."

டொக்.

வாய் அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் காத்திருந்தோம். அவர் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

"என்ன மாமா, பழிப்புக் காட்டறீங்களா?"

"ஆ... ஆஆ..." கையை ஆட்டினார். எச்சில் மோவாயில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கையைக் காதுக்கு முன்னால் கொண்டுபோனார்.

அவள் கையிலிருந்த துணி விழுந்தது. ஓடிப்போய் அவர் காதருகே பார்த்தாள். நானும் பார்த்தேன். உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குழி.

"நழுவிடுச்சு பெரியம்மா. குழியிலேர்ந்து முன்னாடி போயி மேட்டத் தாண்டிடுச்சு. தானா திரும்ப வராது. மூடற தசை எல்லாம் மேல மேல இழுக்குதே தவிர, பின்னால போக வழி இல்ல."

அச்சு அனுப்புகிற பல் டாக்டர் ஒருவருக்குப் போன் போட்டாள். அவர் வெளியூரில் ஒரு விசேஷத்தில் இருந்தார், சாயங்காலம்தான் வருவாராம். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தாமதம் பண்ணாதீங்க, நேரம் ஆக ஆக தசை இறுகும்" என்றார். ஆஸ்பத்திரி என்றதும் இவர் தலையைத் தலையை ஆட்டினார். மேஜைக்குப் போய்ப் பென்சிலை எடுத்து, டாக்டர்கள் அனுப்பிய சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார்.

'இந்த வாயோடு தெருவில் வர மாட்டேன். நீ போடு.'

"நானா? நான் பிளாஸ்டர் வாயத்தான் மாமா தொட்டிருக்கேன்!"

'நீ' என்பதன் கீழே கோடு போட்டார்.

அவள் டாக்டரிடம் திரும்பவும் பேசினாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், இவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை முயன்று பார்க்கலாம், வரவில்லை என்றால் வற்புறுத்தாமல் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேச்சு. போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அப்போது அவள் குரல் தணிந்திருந்தது.

"எதையோ சொல்ல வந்தீங்களே மாமா. பென்சில் கையில இருக்கு. எழுதுங்களேன்."

அவர் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டார். உருண்டு போகாமல் ஒரு கீலோடு சேர்த்து வைத்தார்.

ஸ்டூலைச் சுவரோரம் போட்டு உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நின்று அவர் தலையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். அவள் கைகழுவி, இரண்டு கட்டைவிரலிலும் வெள்ளைத் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டாள். "சட்டுனு உள்ள போகும்போது பல்லு மூடிக்கும், விரல் போயிடும்" என்று எனக்குச் சொன்னாள். வந்த நாளிலிருந்து மாமனார் மேல் கைபடாதவள், அவர் வாய்க்குள் இரண்டு கட்டைவிரலையும் விட்டுக் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்தாள். மற்ற விரல்கள் மோவாயைக் கீழிருந்து பிடித்துக்கொண்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். கன்னத்துத் தசை கருங்கல்லாக நின்றது.

"விடுங்க மாமா."

விடவில்லை. விரலை வெளியே எடுத்தாள். நெற்றியில் வியர்வை. டாக்டர் சொன்ன ஒரு தடவை முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவள் உள்ளங்கைகளை அவர் கன்னத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பொட்டிலிருந்து தாடை மூலை வரைக்கும், மெதுவாக, மாவு பிசைகிறவள் மாதிரி.

"என்னடி பண்ற?"

"கன்னத்துல கை படறத மூளைக்குச் சொல்றதும், தாடைய இழு, விடுன்னு தசைக்குச் சொல்றதும் ஒரே நரம்புதான் பெரியம்மா. முகத்துல அது மூணு கிளையா பிரியும். கண்ணுப் பக்கம் ஒண்ணு, மூக்குப் பக்கம் ஒண்ணு, ரெண்டுக்கும் உணர மட்டும்தான் தெரியும். தாடைக்கு வர மூணாவதுதான் உணரவும் செய்யும், வேலையும் செய்யும். நான் தொடறது அதுக்குத் தெரியுது. கேக்கணும்ல." பிறகு அவரிடம், "விடுங்க மாமா. நான் பிடிச்சிருக்கேன்ல."

மனைவி போன பிறகு அந்த முகத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சவரக்காரரைத் தவிர. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அவள் விரலில் பட்டது. அவள் துடைக்கவில்லை, தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. என் கையில் இருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. அவ்வளவு நேரமும் அவரே தாங்கிக்கொண்டிருந்த தலையை என்னிடம் விட்டுவிட்டார்.

அவள் விரல்களை மறுபடி உள்ளே வைத்தாள்.

"விடுங்க மாமா."

கீழே, பின்னால். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த சத்தம் எனக்கும் கேட்டது. உடனே, "அம்மா!" என்று அவள் கத்தினாள். பல் அவள் விரலைப் பிடித்திருந்தது. வெளியே இழுத்துத் துணியை அவிழ்த்தால், கட்டைவிரலில் நாலு பல் அச்சு. ரத்தம் இல்லை. அவர் பதறிப்போய் அந்தக் கையைப் பிடிக்க வந்தார்.

"பேசாதீங்க, வாயத் திறக்காதீங்க!" என்று அதட்டினாள். அப்புறம் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கடி சரியாத்தான் இருக்கு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்து, "நல்லா உட்கார்ந்திருக்கு, இனிமே இந்த வீரமெல்லாம் வேண்டாம்" என்று அவளிடம் சொன்னார். மோவாயையும் தலையையும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டார். பத்து நாளைக்கு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்கக் கூடாது, கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், கஞ்சியும் மசித்ததும்தான் சாப்பாடு. கட்டோடு பார்க்கப் பரிசுப் பொட்டலம் மாதிரி இருந்தார். நான் சொன்னேன். தாடை அசைக்க முடியாததால் அவர் முதன்முறையாகக் கண்ணால் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை வாடகை வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் வந்து, கீழே வைத்துவிட்டாள்.

"பத்து நாளைக்குக் கஞ்சி யார் குடுப்பா?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மாமா. நேத்து வாய் திறந்தீங்களே, என்ன சொல்ல? இருன்னு சொல்ல வந்திருந்தா இப்பவே பையப் பிரிச்சிடறேன். வண்டிய அனுப்பிடறேன். மனசோடதான் சொல்றேன், உங்களுக்காகன்னு இல்ல. எனக்குப் போகவும் ஆசை, இருக்கவும் ஆசை. நானே ஆயிரம் தடவ யோசிச்சிட்டேன். உங்க வாயால ஒரு வார்த்தை வேணும். தலையாட்டக் கூடாது. எழுதக் கூடாது."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் திரும்பி முறைத்தேன்.

பல்செட்டு நிலைப்படியில் நின்றார். கட்டுக்கு மேலே பொட்டில் அந்த விசிறித் தசை ஒருமுறை எழும்பித் தணிந்தது. பிறகு வலது உள்ளங்கையை மோவாய்க்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார், அவள் நேற்றுத் தாங்கியது போலவே. பல் இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"போயிட்டு..."

நின்றது. அடுத்த எழுத்துக்கு வாய் திறந்தாக வேண்டும். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வலித்திருக்கும், கண் இடுங்கியது.

"...வா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே குனிந்து பையை எடுத்தாள். "போயிட்டு வரேன் மாமா" என்றாள். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை அவர் மோவாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சமையலறைக் கதவு திறந்திருந்தது, படி காலியாக இருந்தது. கரண்டியைச் சாய்த்து உதட்டோரமாக விட்டுக்கொண்டார். மெல்ல ஒன்றும் இல்லாததால் அந்த வீட்டில் அந்தச் சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக் கடிகாரம் ஓடுவது இங்கே கேட்டது. இத்தனை வருஷத்தில் அதை நான் இங்கிருந்து கேட்டதில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்பா, நெஜமா இதத்தான் சொல்ல வந்தியா நேத்து?"

கரண்டியை வைத்தார். பல் சேர்ந்தபடியே, உதடு மட்டும் அசையப் பேசினார். வாழ்நாளில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசியது அவ்வளவு நீளம் கிடையாது.

"இருன்னு சொல்லத்தான் அக்கா வந்தேன். தலை வாரிட்டு வந்தேனே, பாக்கல? அந்த வார்த்தைக்கு வாயே திறக்க வேண்டாம். பல்லக் கடிச்சிட்டே சொல்லிடலாம். காலைல இந்தக் கட்டோட சொல்லியிருந்தாக்கூட வலிச்சிருக்காது."

"அப்புறம் ஏன்பா மாத்துன?"

கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"விடுங்க மாமான்னு சொன்னாளே அக்கா. மூணு தடவ சொன்னா. நீங்களும் கேட்டீங்க."

கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்த கஞ்சியைச் சுடவைத்து எடுத்து வந்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே படியில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களும் எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் சாப்பிடும்போது எதிரே ஒரு முகம் இருக்கட்டும். அங்கே சொல்ல வந்த சொல் தொண்டையில் நிற்காமல் வரட்டும், போகிறவர்கள் திரும்பி வரட்டும். உங்கள் பிள்ளைகளின் கன்னத்தைத் தொட எப்போதும் ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லாரும் நல்லா இருங்கள்.